பதினேழாம் நம்பர் வீடு

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு யாரும் சோபாவில் உட்காருவதில்லை. கால் வலித்தால் உட்காருகிறோம். திருகாணியும் அப்படித்தான் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மனைவியின் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலையும் பக்கத்தில் நின்ற விளக்கையும் பார்த்துவிட்டு அவள், "வீடு கிடைச்சிருச்சா? நல்லா இருக்கே" என்றாள். இது வீடு இல்லை, நான் வேலை பார்க்கும் கடை என்று சொல்வதற்கு அவருக்கு ஒரே ஒரு வினாடிதான் இருந்தது. அந்த வினாடியில் மனிதர் சிரித்துத் தொலைத்தார். அதோடு போயிற்று.

திருகாணி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. வந்த புதிதில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. அலமாரியோ மேசையோ எதைப் பொருத்தினாலும் கடைசியில் ஒன்றிரண்டு திருகாணி மிஞ்சும். மற்றவர்கள் அதைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் முழு அலமாரியையும் கழற்றிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்டவர்தான் இரண்டு மாதம் இல்லாத ஒரு வீட்டை இருப்பதாக வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார். கேட்டால் நம்ப முடியாது. ஆனால் நடந்தது அதுதான்.

நாற்பத்திரண்டு வயதில் வெளிநாடு வந்தவர். ஊரில் இருபது வருஷம் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடை மூடிய பிறகு, தெரிந்த ஒருவர் வழிகாட்ட, இங்கே ஒரு பெரிய மரச்சாமான் கடையில் வேலை கிடைத்தது. மனைவி ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பதினொரு வருஷ வேலை, நிரந்தரமானது. ஒரே மகள் பாப்பா, அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. முதலில் இவர் போவது, ஆறு மாதம் கழித்து அவர்கள் வருவது என்று ஏற்பாடு. ஆனால் இங்கேயே தங்குவதென்றால் அவள் வேலையை விட வேண்டும். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் அவள், வந்து எங்கே இருப்பது என்று கேட்பாள். இவர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று மென்று விழுங்குவார்.

அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்ல வாய் வராமல்தான் விழுங்கினார். ரயில் பாதையை ஒட்டிய கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில். அந்த ஒரு கட்டிலில் இரண்டு பேர், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. பேக்கரி அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் ராத்திரி வேலைக்குப் போய் ரொட்டி சுட்டுவிட்டுக் காலையில் வந்து படுப்பார். திருகாணி விடிவதற்குள் எழுந்து போய்விடுவார். தலையணை உறை மட்டும் அவரவருக்குத் தனி. ஆறு மாதத்தில் இருவரும் உட்கார்ந்து பேசியது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். ஆனால் அண்ணனுடைய மாவு வாசனை இவருக்கு நன்றாகப் பழகிவிட்டது. தூக்கம் மட்டும் பழகவில்லை. ரயில் போகும்போதெல்லாம் கட்டிலின் கால் ஒன்று தரையில் தட்டும். அதற்குக் கீழே அட்டை மடித்து வைத்துப் பார்த்தார், சரியாகவில்லை.

அறையிலிருந்து பேச முடியாது, பகலெல்லாம் அண்ணன் தூங்குவார். சாயங்காலம் பேசலாமென்றால் ஊரில் பாப்பா தூங்கியிருக்கும். அதனால் ஆறு மாதம் வேலை விட்டதும் பஸ் நிறுத்தத்தில் நின்று பேசினார். காற்றிரைச்சலில் பாதி காதில் விழாது. விழுந்த பாதியும் சாப்பிட்டாச்சா, குளிருதா என்பதோடு முடிந்துவிடும்.

இனி அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நகரம் முடிகிற இடத்தில், பஸ் திரும்பி நிற்கும் முனையில் இருந்தது. உள்ளே நாற்பத்து மூன்று அறைகள். படுக்கையறை, கூடம், சமையலறை எல்லாம் நிஜ வீட்டில் இருப்பதைப்போலவே அமைத்து, ஒவ்வொன்றுக்கும் வாசலில் நம்பர் போட்டிருப்பார்கள். ஜனங்கள் உட்கார்ந்து, படுத்து, இழுத்துப் பார்த்து வாங்குவார்கள். முந்தின நாள் அவர்கள் ஆட்டிவிட்டுப் போனதையெல்லாம் மறுநாள் கடை திறக்குமுன் முடுக்கி, துடைத்து, தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைப்பது திருகாணியின் வேலை. ஆறரைக்கு வருவார், மூன்று மணிக்குக் கிளம்புவார்.

ஆறரை மணிக்கு அந்தக் கடையைப் பார்க்க வேண்டும். ஆள் அரவமே இருக்காது. விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். ஒரு வீட்டின் படுக்கையறையிலிருந்து இன்னொரு வீட்டின் சமையலறைக்குள் ஒரே எட்டில் நுழையலாம், நடுவில் தெருவே இல்லை. சுவர் உண்டு, கூரை கிடையாது. தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் இருட்டு. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி, அதன் பின்னால் குழல் விளக்கு. ஆகவே எந்த ஜன்னலில் பார்த்தாலும் இளங்காலை வெயில், எப்போதும் அதே வெயில். அலமாரியில் புத்தகங்கள் இருக்கும், பிரித்தால் ஓர் எழுத்து இருக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு அறையும் நம்பிக்கொண்டிருப்பதாகத் திருகாணிக்குத் தோன்றும். சில நாள் அவரே மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் நுழைவார்.

பதினேழு அதில் ஒன்று. மங்கிய பச்சைச் சுவர், ஒரு சோபா, நாலு பேர் சாப்பிடும் மேசை, ஒட்டினாற்போல் சின்னச் சமையலறை, திரும்பினால் ஏணி வைத்த கட்டிலோடு குழந்தைக்கான அறை. முதல் நாள் வந்த அந்த அழைப்பு இந்தச் சோபாவில்தான் வந்தது. இங்கே காலை ஏழு என்றால் ஊரில் மதிய சாப்பாட்டு இடைவேளை. மனைவி அலுவலக மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள், பாப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் பாப்பா சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றது. அவர் எழுந்து நடந்து காட்டினார். அதற்கு அடுத்த நாள் தன் அறை எது என்று கேட்டது. அதையும் காட்டினார். காட்டினாரே தவிர, என் வீடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சப்பைக்கட்டைக் கட்டிக்கொண்டுதான் பத்து நாள் நிம்மதியாக இருந்தார்.

பிறகு ஒரு நாள் அவருக்கே ஒன்று கண்ணில் பட்டது. பதினேழாம் நம்பர் வாசலில் தன்னுடைய பூட்ஸ் ஜோடி. அவரோ உள்ளே வெறுங்காலோடு நிற்கிறார். எப்போது கழற்றினோம் என்று நினைவில்லை. மற்ற நாற்பத்திரண்டு அறைகளுக்குள்ளும் இரும்பு வைத்த பூட்ஸோடு தடதடவென்று நடந்து போகிறவர், இங்கே மட்டும் வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். செருப்புக் காலோடு நம் வீட்டுக்குள் யார் போவார்கள்? மேற்பார்வை பார்க்கும் அம்மாள் இதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, காலில் ஏதாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தன் பாஷையில் சத்தம் போட்டாள். தலையாட்டினார். அடுத்த நாளும் கழற்றினார். எனக்கென்னவோ அவர் அப்போது ஏமாற்றியது மனைவியை மட்டும் இல்லை என்றுதான் படுகிறது.

வாயைத் திறந்து சொன்ன முதல் பொய்க்கு ஏணிக்காரன்தான் காரணம். கூட வேலை பார்ப்பவன், பல்பு மாற்றுகிறவன். ஒரு நாள் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தோளில் ஏணியோடு கூடத்துக்குள் புகுந்து, குழந்தை அறை வழியாக வெளியே போய்விட்டான். மனைவி யார் அது என்றாள். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள், விளக்கைப் பார்க்க வந்தான் என்றார் திருகாணி. பூட்ஸோடயா உள்ள வர்றான் என்று அவள் முகம் சுளித்தாள். சொல்லிவிடுகிறேன் என்றார். அன்றைக்கு ஒரு மேசையில் இரண்டு திருகாணி மிஞ்சிவிட்டது, கழற்றக்கூட மனம் வரவில்லை.

அந்த வாரம்தான் மனைவி, நாங்கள் வந்துவிடுகிறோம் என்று சொன்னாள். ஆறு மாதமாக அரைமனதாக இருந்தவள் திடமாகச் சொன்னாள். பரீட்சை முடிந்ததும் புறப்படலாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். திருகாணிக்கு ஆனந்தமும் பயமும் ஒன்றாகவே வந்தன. அதற்குள் நிஜ வீடு ஒன்றைப் பிடித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று இடம் போய்ப் பார்க்கவும் செய்தார். ஒரு வருஷமாவது இங்கே வேலை பார்த்த சான்று வேண்டும் என்று மூன்று இடத்திலும் சொல்லி வைத்தாற்போல் சொன்னார்கள். நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன், தலைமையாசிரியர் அதற்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறார் என்று ஒரு திங்கட்கிழமை அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். வெள்ளிக்குள் சொல்லியாக வேண்டும், சொன்னால் அவள் வர மாட்டாள். செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை. புதன்கிழமை வாயைத் திறந்தார், பாப்பா அறைக்கு என்ன நிறத் திரை போடலாம் என்று கேட்டது, மூடிக்கொண்டார்.

அன்றைக்கே மேற்பார்வை அம்மாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். பதினேழைக் கலைக்கிறோம், பழைய மாதிரியாகிவிட்டது, அந்த இடத்தில் அலுவலக அறை ஒன்று வருகிறது என்றாள். நாளைக் காலை ஏழுக்குள் சுவர் இறங்க வேண்டும். நீ அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாய், நீ கழற்றினால்தான் ஒன்றும் உடையாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே போய்விட்டார். ஏணிக்காரனும் இன்னொருவனும் வந்து சேர்வதற்குள் அவரே குழந்தை அறையை முடித்துவிட்டார். ஏணிக் கட்டில் பதினாலு துண்டாயிற்று. மேசையைத் திருப்பிப்போட்டுக் கால்களைக் கழற்றினார். தட்டுகளைக் காகிதத்தில் சுற்றினார். ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது எப்படி மனம் கனக்குமோ அப்படியே கனத்தது. குடியே இருக்காத வீடு, கேட்டால் வெட்கம். ஏழு மணிக்குப் பாக்கியிருந்தது சோபாவும் ஜன்னல் சுவரும்தான். போன் அடித்தது.

எடுத்ததும் பாப்பா, பின்னால் மேசை எங்கே என்று கேட்டது. அவர் பதில் சொல்லுமுன் மற்ற இருவரும் ஜன்னல் சுவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வெள்ளைத் துணி சரிந்தது. இரண்டு மாதமாக அந்த ஜன்னலில் இருந்த காலை வெயில் ஆறு குழல் விளக்குகளாகக் கம்பியில் தொங்கியது. அதற்கும் பின்னால் வரிசையாக மற்ற அறைகள், விளக்கெரிந்துகொண்டு, கூரையில்லாமல். திருகாணி போனைத் திருப்பவில்லை. திருப்ப நேரமிருந்தது. இந்தத் தடவை அவர் அந்த வினாடியை விட்டுவிடவில்லை.

"இது கடைம்மா. நான் வேலை பாக்குற கடை. வீடு இல்ல" என்றார்.

மனைவியின் கையிலிருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. பாப்பா முதலில் திகைத்து, பிறகு அங்கே யார்தான் இருக்கிறார்கள் என்று கேட்டது. யாரும் இல்லை என்றார். ராத்திரிகூட யாரும் படுக்க மாட்டார்களா, அவ்வளவு கட்டில் இருக்கிறதே என்றது. மனைவி குழந்தையைக் கை கழுவிவிட்டு வகுப்புக்குப் போகச் சொன்னாள். அது போகும்வரை காத்திருந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டவில்லை. சாயங்காலம் நீங்கள் படுக்கிற இடத்துக்குப் போய்க் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சோபாவைக் கழற்றும்போது ஏணிக்காரன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கனமான பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு அறைக்கு வந்தார். பேக்கரி அண்ணன் தலையோடு கால் போர்த்திக்கொண்டு கிடந்தார். திருகாணி சுவரோரம் தரையில் உட்கார்ந்து கூப்பிட்டார். ஊரில் விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. அவர் ரகசியக் குரலில், அண்ணன் தூங்குகிறார் என்றார். உடனே அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கடலுக்கு அப்பாலிருந்து அவள் சத்தமாகப் பேசி இங்கே யார் விழித்துவிடப்போகிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காட்டுங்கள் என்றாள். காட்டினார். கட்டில், அதில் அண்ணன், எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னல், கொடியில் சட்டைகள், பெட்டியின் மேல் பெட்டி, பெட்டிகளின் மேல் அடுப்பு. ஒரு சுற்றில் அறை முடிந்துவிட்டது. மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னாள்.

"உங்க கட்டில் எங்க?"

"அதான்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் இவருக்குத் தாங்கவில்லை. வீடு விரைவில் கிடைக்கும், ஒரு வருஷம் ஆகட்டும் என்று என்னென்னவோ அடுக்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வீட்டுக்காகவா வர்றேன்னு சொன்னேன்? ஆறு மாசமா பஸ் ஸ்டாப்ல நின்னு பேசுவீங்க, உங்க மூஞ்சியைப் பாக்கவே பயமா இருக்கும். அந்தச் சோபால உக்காந்துட்டுதான் சிரிச்சீங்க. மனுஷன் நல்லா இருக்காரு, நாம போகலாம்னு நெனச்சேன். அந்தச் சிரிப்பும் கடைச் சாமானா?"

திருகாணிக்கு இல்லை என்று சொல்லத் தோன்றியது, சொல்ல யோக்கியதை இல்லை என்றும் தோன்றியது. அந்த நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் முழிச்சுதாம்மா இருக்கேன். நீ சத்தமாவே திட்டலாம்." பேக்கரி அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டில் காலியாயிற்று என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இப்போது குரலைத் தாழ்த்தத் தேவையில்லை. இருந்தும் அவள் மெதுவாகவேதான் பேசினாள். நாளைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போவதில்லை என்றாள். திருகாணி கண்ணை மூடிக்கொண்டார். எட்டு மாதம், பதினேழாம் நம்பர், பாப்பாவின் திரைச்சீலை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று என்று நினைத்தார். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"சம்பளமில்லாத லீவு ஆறு மாசம் எழுதிக் குடுக்கறேன். பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வர்றோம். வீடு நான் வந்து தேடிக்கறேன், நீங்க எதுவும் காட்ட வேண்டாம். வேலையை விடறதா வேண்டாமாங்கறதை அங்க வந்து உங்க கூட இருந்து பாத்துட்டுச் சொல்றேன். நேத்து வரைக்கும் கண்ணை மூடிட்டு விடறதாதான் இருந்தேன்."

வருகிறாள் என்பது முதலில் மண்டையில் ஏறியது. கடைசி வாக்கியம் அதற்குப் பிறகுதான் ஏறியது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது. தான் உடைத்தது எதை என்று அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அதை முடுக்கித் திரும்ப நிறுத்துவது ஒரு காலை வேலை இல்லை. ஆறு மாதம் கொடுத்திருக்கிறாள், போதுமா என்று தெரியாது. சரி என்றார்.

ரயில் ஒன்று போயிற்று. கட்டில் கால் தரையில் தட்டுவது போனில் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், அது என்ன சத்தம் என்றாள். சொன்னார். ராத்திரி எத்தனை ரயில் என்றாள். எண்ணியதில்லை என்றார்.

"தினமும் நல்லா தூங்கினீங்களான்னு கேப்பேன். தினமும் ம்னு சொல்வீங்க. இப்போ கேக்கறேன். நேத்து நல்லா தூங்கினீங்களா?"

"இல்ல" என்றார் திருகாணி.

"முந்தாநாள்?"

"இல்ல."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு போனுக்கு எதிரே நிதானமாக உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க" என்றாள்.